ஆறு மாதப் பேட்டரி தினமும் காலையில் இறங்கிவிடுகிறதா? மாற்றுவதற்கு முன் சோதிக்க வேண்டியவை

மாலையில் நன்றாக ஓடி வந்து நின்ற கார், மறுநாள் காலையில் சாவியைத் திருப்பும்போது செல்ஃப் எடுக்காமல் ‘டிக் டிக் டிக்’ என்று மட்டும் சத்தம் போடுகிறது; வேறு வண்டியிலிருந்து கேபிள் கொடுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகி அன்று முழுவதும் தொல்லையில்லாமல் ஓடுகிறது; அடுத்த காலையில் மறுபடியும் அதே நிலைமை. பேட்டரி போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது, இதையும் மாற்றிவிட வேண்டியதுதானா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். புதிய பேட்டரியிலும் உற்பத்திக் குறை இருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு அதைவிட அதிக வாய்ப்புள்ள காரணங்கள் வேறு இருக்கின்றன. பேட்டரியில் உள்ள மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்கு முழுமையாகப் போய்ச் சேராமல் இருக்கலாம். வண்டி ஓடும்போது, எஞ்சினால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் போதிய அளவு சார்ஜ் ஏற்றாமல் இருக்கலாம். வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று இரவெல்லாம் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். இவற்றில் எது உண்மையாக இருந்தாலும், நீங்கள் அடுத்து வாங்கிப் போடும் பேட்டரிக்கும் இதே கதிதான். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், மூன்றில் எது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அந்தச் சத்தத்தையே கவனியுங்கள், ஏனென்றால் பாதி விடை அதில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டாரின் மேலுள்ள சோலனாய்டு என்னும் மின்காந்த ஸ்விட்ச் உள்ளே இழுத்து, மோட்டாருக்குப் போகும் பாதையைத் திறக்கிறது. மோட்டார் ஒரே இழுப்பில் 100, 200 ஆம்பியர் என்று கேட்கும்போது, வலுவில்லாத பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று சரிகிறது. சோலனாய்டைப் பிடித்துவைக்கக்கூட அது போதாமல் விடுபட்டுவிடுகிறது. சுமை நீங்கியதும் வோல்டேஜ் மீண்டு, சோலனாய்டு மறுபடியும் இழுக்கிறது. இந்தச் சுழற்சிதான் படபடவென்று கேட்கும் அந்த டிக் டிக். ஆகவே, சார்ஜ் இல்லை அல்லது இணைப்பு சரியில்லை என்பது அதன் பொருள். மாறாக, அழுத்தமாக ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, அந்த நேரத்தில் உள்விளக்கும் மங்காமல் இருந்தால், சந்தேகம் செல்ஃப் மோட்டாரின் மேல் போக வேண்டும். எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது எரிபொருள் அல்லது இக்னிஷன் பக்கத்துக் கோளாறு. சத்தமே வராமல் டேஷ்போர்டு விளக்குகள் மட்டும் பளிச்சென்று எரிந்தால், ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ‘பி’ அல்லது ‘என்’ நிலையில் இருக்கிறதா, மேனுவலில் கிளட்ச் முழுவதும் அழுந்தியிருக்கிறதா, சாவியை வண்டி அடையாளம் கண்டுகொண்டதா என்று பார்க்க வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில், சாவிக்குள் இருக்கும் சிறிய செல் தீர்ந்துபோனதையே கார் பேட்டரி இறங்கிவிட்டதாக எண்ணி அலைபவர்கள் உண்டு.

உங்கள் வண்டியில் வருவது படபடவென்ற சத்தம் என்பதால், அடுத்து பானெட்டைத் திறந்து டெர்மினல்களைப் பாருங்கள். இது மிக எளிய சோதனை. அதனாலேயே பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கிளாம்பைச் சுற்றி வெண்மையாகவோ நீலம் கலந்த பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆனால் மேலே பளபளப்பாகத் தெரியும் டெர்மினலிலும் உள்பக்கத்தில், ஈயத் தூணும் கிளாம்பும் தொடும் பரப்பில், சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று படிந்திருக்கலாம். விளக்குகளுக்கும் ரேடியோவுக்கும் வேண்டிய சில ஆம்பியர்களை அந்தப் படலம் தாராளமாக விட்டுவிடும். செல்ஃப் மோட்டார் கேட்கும் 150 ஆம்பியரை விடாது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் அடைப்பு இருந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்பதைப் போன்றதே இது. எஞ்சினை அணைத்துவிட்டு, கிளாம்பைக் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். துளி அசைந்தாலும் அது தளர்வுதான். ஆறு மாதத்துக்கு முன்பு பேட்டரியை மாற்றியபோது கிளாம்பைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

சுத்தம் செய்யும்போது மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு அணிந்துகொள்ளுங்கள். எப்போதும் நெகட்டிவ் கிளாம்பைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். காரின் உடல் முழுவதும் நெகட்டிவ்வோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவ் நட்டை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறி பாடியில் பட்டால் நேரடி ஷார்ட் ஆகிவிடும். நெகட்டிவ்வை முன்பே கழற்றியிருந்தால் அந்த ஆபத்து இல்லை. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பூத்திருக்கும் பொடி நுரைத்துக்கொண்டு கரையும். அந்தக் கரைசல் பேட்டரி மூடித் துளைகளுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கம்பித் தூரிகையால் ஈயம் மின்னும் வரை தேய்த்து, இறுக மாட்டி, அதன் மேல் வாஸ்லைன் தடவிவிடலாம். மாட்டுவதற்கு முன் தடவுவதைவிட மாட்டிய பின் தடவுவது நல்லது.

இனி மீட்டரை எடுக்கலாம். டிசி வோல்ட் அளவில் 20 வோல்ட் நிலையில் வைத்து, வண்டி இரவு முழுவதும் நின்றபின், காலையில் எதையும் போடுவதற்கு முன்பாக, டெர்மினல் தூண்களின் மீதே முனைகளை வைத்துப் படியுங்கள். கார் பேட்டரி என்பது ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஆறு செல்களின் தொடர் என்பதால், முழு சார்ஜில் 12.6 வோல்ட் அல்லது சற்றுக் கூடுதலாகக் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மீதி. அதாவது, நிரம்பிய பேட்டரிக்கும் ஏறத்தாழ காலியான பேட்டரிக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு வோல்ட்டைவிடக் குறைவு. ‘12 வோல்ட் இருக்கிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 வோல்ட்டை ஒட்டியே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது என்று கொள்ளலாம். வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜினால் உண்மையைவிட உயர்வாகத் தெரியும். அவசரமாக அப்போதே அளக்க வேண்டுமென்றால் ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்தபின் படிக்க வேண்டும்.

அடுத்து ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, செல்ஃப் மோட்டார் சுற்றும் நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். சாதாரணத் தட்பவெப்பத்தில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. நிற்கும்போது 12.6 காட்டிய பேட்டரி, சுற்றும்போது 8 வோல்ட்டுக்குச் சரிந்தால் பேட்டரி உள்ளுக்குள் நலிந்திருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. மாறாக, பேட்டரித் தூண்களில் 11 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டே மோட்டார் முக்கி முக்கிச் சுற்றினால், குற்றம் கேபிளிலோ இணைப்பிலோ மோட்டாரிலோ இருக்கிறது. இதைப் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது: மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் தூணின் மீதும் மறு முனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தின் மீதும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நெகட்டிவ்வை எஞ்சினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் கேபிளிலோ அதன் போல்ட்டிலோ மின்தடை இருக்கிறது. பாசிட்டிவ் தூணுக்கும் செல்ஃப் மோட்டாரில் வந்து சேரும் கேபிள் முனைக்கும் இடையில் இதே சோதனையைச் செய்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் கேபிள் பாடியில் சேரும் இடத்தில் துரு ஏறி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அரித்துக்கிடக்கும் வண்டிகளில் நல்ல பேட்டரிகள் வீணாக மாற்றப்படுவது எனக்கு எப்போதுமே வருத்தம் தரும் விஷயம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரித் தூண்களில் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்ட பிறகும் 13 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட், அதிலிருந்து வரும் கேபிள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டியே நின்றால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. அது பேட்டரியைக் கொதிக்கவைத்தே கொன்றுவிடும். எரிபொருளைச் சேமிப்பதற்காக ஆல்டர்னேட்டரைக் கணினி கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் இந்த எண் ஓட்டத்துக்கேற்ப ஏறி இறங்கும் என்பதால், ஒரே ஒரு முறை படித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி கேபிளைக் கழற்றி, வண்டி நிற்காமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பேட்டரி விலகிய கணத்தில் வோல்டேஜ் எகிறி, எஞ்சின் கண்ட்ரோல் யூனிட்டையே எரித்துவிடக்கூடும். உங்கள் வண்டியில் யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள்.

இணைப்பும் சார்ஜும் சரியாக இருந்தால் மிச்சமிருப்பது நிற்கும்போது நடக்கும் கசிவு. உங்கள் வண்டி பகலெல்லாம் ஓடி இரவு மட்டும் நின்று காலையில் கைவிடுகிறது என்பதால் எனக்கு இதன் மீதுதான் அதிகச் சந்தேகம். அணைத்து நிறுத்திய காரிலும் கடிகாரம், அலாரம், சாவியை எதிர்பார்த்திருக்கும் ரிசீவர் ஆகியவை கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டுதான் இருக்கும்; 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் அது இயல்பு. 45 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவைக் குறிக்கும் அளவு) பேட்டரியை அந்த 50 மில்லி ஆம்பியர் முழுவதும் காலி செய்ய ஒரு மாதத்துக்கும் மேலாகும்.

இந்தக் கணக்கை உங்கள் வண்டிக்குப் போட்டுப் பாருங்கள். டிக்கிக்குள் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் எடுக்கும். 12 மணி நேரத்தில் அது 5 ஆம்பியர் அவர்தான் ஆகிறது. நிரம்பிய பேட்டரியை ஒரே இரவில் வீழ்த்த அது போதாது. ஒரு இரவுக்குள் பாதிக்கு மேல் இறங்க வேண்டுமானால் 2 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் கசிய வேண்டும். ஆகவே உங்கள் வண்டியில் ஒன்று கசிவு பெரிதாக இருக்கிறது, இல்லையென்றால் கசிவு சிறிதாக இருந்து, குறுகிய தூரமே ஓட்டுவதால் பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே இருந்து, அந்தச் சிறு கசிவே காலையில் அதை விளிம்புக்குக் கீழே தள்ளிவிடுகிறது. மாலையில் வண்டியை நிறுத்தி ஓரிரு மணி நேரம் கழித்து ஒருமுறையும் மறுநாள் காலையில் ஒருமுறையும் வோல்டேஜைக் குறித்துவைத்தால் இவற்றில் எது என்பது தெளிவாகும். மாலையிலேயே 12.2 என்றால் பேட்டரி நிரம்பவே இல்லை; மாலையில் 12.6 இருந்து காலையில் 11.8 என்றால் இரவில் எங்கோ வழிந்திருக்கிறது.

கசிவை அளக்க மல்டிமீட்டரை 10 ஆம்பியர் டிசி அளவுக்கு மாற்றி, சிவப்பு வயரையும் அதற்கான துளையில் செருக வேண்டும். நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, ஒரு முனையைத் தூணிலும் மறு முனையைக் கிளாம்பிலும் தொடுத்தால், வண்டி எடுக்கும் மின்சாரம் முழுவதும் மீட்டர் வழியாகப் போகும். இந்த நிலையில் தவறியும் செல்ஃப் அடிக்கவோ ஹெட்லைட் போடவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். மாட்டிய உடனே மீட்டர் சில ஆம்பியர்கள் காட்டினால் பதற வேண்டாம். கணினிகள் எல்லாம் அடங்கித் தூங்குவதற்கு 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். அதுவரை கதவைத் திறக்கக் கூடாது, சாவியையும் வண்டிக்கு அருகில் வைத்திருக்கக் கூடாது. ஃபியூஸ் பெட்டி உள்ளே இருந்தால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவைத்து, கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். கதவு மூடியிருப்பதாக வண்டி எண்ணிக்கொள்ளும். வேலை முடிந்ததும் கதவை மூடுவதற்கு முன் அந்த நாக்கை மறக்காமல் விடுவித்துவிடுங்கள்.

அடங்கிய பிறகும் மீட்டர் நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் காட்டினால், எந்தச் சர்க்யூட் என்று தேட வேண்டும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறது என்று பார்ப்பது பழைய முறை. புதிய வண்டிகளில் ஃபியூஸைப் பிடுங்கி மாட்டும்போதே தூங்கிய கணினி விழித்துக்கொள்ளும் என்பதால், ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லி வோல்ட் அளவில் வைத்துப் பார்ப்பதை நான் விரும்புகிறேன். பூஜ்யம் காட்டும் ஃபியூஸ் வழியாக எதுவும் போகவில்லை. ஒரு சிறு எண்ணாவது காட்டினால் அந்தப் பாதையில் மின்சாரம் ஓடுகிறது.

தேடத் தொடங்கும்போது, வண்டியோடு வராமல் பிறகு பொருத்தியவற்றை முதலில் சந்தேகியுங்கள்: ஆம்ப்ளிஃபையர், நிறுத்தியபோதும் பதிவு செய்யும் டேஷ் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர், ஸ்டீயரிங்கின் கீழே உள்ள டயக்னாஸ்டிக் போர்ட்டில் செருகி மறந்துபோன கருவி. ஆறு மாதத்துக்குள் இப்படி ஏதாவது பொருத்தினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அதன் பிறகு டிக்கி விளக்கு, டேஷ்போர்டு பெட்டியின் விளக்கு, ஒட்டிக்கொண்டு விடாமல் நிற்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஆகியவை. காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன்பே ரிலேக்களை விரலால் தொட்டுப் பார்த்தால், விடாமல் வேலை செய்துகொண்டிருப்பது வெதுவெதுப்பாக இருக்கும். இதே முறையில் ஆல்டர்னேட்டரையும் தொட்டுப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற எஞ்சினில் மற்ற எல்லாம் குளிர்ந்திருக்க, ஆல்டர்னேட்டரின் உடல் மட்டும் லேசாகச் சுட்டால், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய, அதற்குள் இருக்கும் டயோடு பழுதாகிப் பின்னோக்கியும் விடுகிறது. பகலில் ஓரளவு சார்ஜ் ஏற்றிவிட்டு இரவில் அதே பாதையில் இறக்கிவிடும் இந்தக் கோளாறு உங்கள் விவரிப்போடு நன்றாகப் பொருந்துகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரித் தூண்களில் ஏசி வோல்ட் அளவில் படித்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவது இதை உறுதிப்படுத்தும். மலிவான சில மீட்டர்கள் ஏசி அளவில் டிசியையும் சேர்த்துக் காட்டிவிடும் என்பதால், எஞ்சின் ஓடாதபோது அதே அளவில் பூஜ்யம் காட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் தினமும் கேபிள் கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அதைப் பாதுகாப்பாகச் செய்யுங்கள். சிவப்புக் கேபிளை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவ்வில் மாட்டி, மறு முனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவ்வில் மாட்டுங்கள். பிறகு கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவ்வில் மாட்டி, அதன் கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அந்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறப்பது இயல்பு. பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் வாயு தேங்கியிருக்கக்கூடும் என்பதால் அந்தப் பொறி அங்கே பறக்கக் கூடாது. கழற்றும்போது இதே வரிசையைப் பின்னோக்கிச் செய்ய வேண்டும். பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, உறைந்திருந்தாலோ கேபிளே கொடுக்காதீர்கள். செல்ஃபைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் அது ஆற நேரம் விடுங்கள்.

கேபிள் கொடுத்து எடுத்தபின் கால் மணி நேரம் ஓட்டினால் பேட்டரி நிரம்பிவிடும் என்று நினைப்பது தவறு. இறங்கிய பேட்டரியை முழுமையாக ஏற்ற பல மணி நேரம் தேவை. ஆல்டர்னேட்டரும் அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. இறங்கிய நிலையில் விடப்படும் ஒவ்வொரு நாளும் தகடுகளில் லெட் சல்ஃபேட் படிகங்கள் கெட்டிப்பட்டு, பேட்டரியின் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கின்றன. கோளாறைச் சரிசெய்த அன்றே, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில், அதாவது 45 ஆம்பியர் அவருக்கு 4.5 ஆம்பியர் அளவில், சார்ஜரில் போட்டு மெதுவாக நிரப்புங்கள். நீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் கிடைத்தால் ஆறு செல்களையும் அளந்து பாருங்கள்: நிரம்பிய செல்லில் அடர்த்தி 1.265-ஐ ஒட்டி இருக்கும். ஐந்து செல்கள் அப்படியிருக்க ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்தச் செல் போய்விட்டது.

நிரப்பிய பேட்டரியை, கேபிளைக் கழற்றிய நிலையில், ஒரு இரவு தனியாக வைத்திருந்து மறுநாள் அளந்து பாருங்கள். வண்டியோடு இணைப்பே இல்லாமலும் 12.4-க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரியே தன்னுள் இழக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அப்போதுதான் வாரண்டியில் மாற்றக் கேளுங்கள். சுமை கொடுத்துச் சோதிக்கும் லோடு டெஸ்ட் செய்து, கிடைத்த எண்ணை எழுதித் தரும்படியும் கேளுங்கள். மாற்றாகப் போடும் பேட்டரி, வண்டியோடு வந்த வகையாகவே இருக்க வேண்டும்: சிக்னலில் தானாக அணைந்து எழும் வண்டிக்கு ஏஜிஎம் அல்லது இஎஃப்பி எனப்படும் வலுவூட்டிய வகைதான் தாங்கும், சாதாரணப் பேட்டரி சீக்கிரமே தளர்ந்துவிடும். ஆம்பியர் அவர், சிசிஏ எண் (குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது தரக்கூடிய ஆம்பியர்), பாசிட்டிவ் தூண் எந்தப் பக்கம் என்பது ஆகிய மூன்றையும் பழைய லேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்டரி மாறியதை வண்டியின் கணினியில் பதிவு செய்ய வேண்டிய மாடலா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட மாடலில் அதைச் செய்யாமல் விட்டால், பழைய பேட்டரிக்கு ஏற்றபடியே அது புதியதற்கும் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்.